படம், எழுத்து, அப்புறம் வாய்

கேள்வி ஒரு நண்பருடையது. குடும்பத்தோடு கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்குப் போயிருக்கிறார். தூண் சிற்பங்களைப் பார்த்து அசந்து நின்றிருக்கிறார். எது யார், என்ன கதை என்று தெரியாமலேயே திரும்பியிருக்கிறார். மறுநாள் குற்றாலம் சித்திர சபையிலும் பாதிச் சுவர் புரியவில்லை. “இவ்வளவு பாடுபட்டு உருவத்தைச் செய்தவர்கள் பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்திருக்கக் கூடாதா? நம் ஆட்களுக்குப் படம் பெரிதா, எழுத்து பெரிதா? இப்போதாவது விளக்கப் பலகை வைக்கலாமா?” என்று கேட்கிறார்.

எழுதாமல் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் உருவத்துக்குப் பக்கத்தில் எழுதும் பழக்கம் ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது. நண்பர் எதிர்பார்க்கிற வரியை எழுதவில்லை, அவ்வளவுதான். இதற்குக் கழுகுமலையைவிட நல்ல சாட்சி கிடையாது.

கழுகுமலை இன்று தூத்துக்குடி மாவட்டம். 1986 வரை எல்லாம் ஒரே திருநெல்வேலி மாவட்டம்தான். மலைமேல் பாறை முகத்தில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள். பாம்பு படம் விரித்த பார்சுவநாதர், கொடி சுற்றிய பாகுபலி, சிங்கத்தோடு அம்பிகை என்ற இயக்கி. 8, 9-ஆம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். பல உருவங்களுக்கு அடியில் வட்டெழுத்து என்ற பழைய எழுத்துமுறையில் சின்னச் சின்ன வாசகங்கள், நூறையொட்டி இருக்கும். அங்கே போகிறவர்கள் எல்லாரும் முதலில் நினைப்பது, இது இன்ன தீர்த்தங்கரர் என்று எழுதியிருப்பார்கள் என்றுதான். படித்துப் பார்த்தால் வேறு கதை. இன்ன ஊர்க்காரர், இன்னாருடைய மாணாக்கர், இன்னார் புண்ணியத்துக்காகச் “செய்வித்த திருமேனி” என்றே பெரும்பாலும் வருகிறது. உருவம் யாருடையது என்பதைப் பற்றிப் பேச்சில்லை. செய்யச் சொன்னவர் பெயர்தான் இருக்கிறது. குரத்தியர் என்ற பெண் துறவி ஆசிரியர்களின் பெயர்களும் அதில் வருகின்றன. அந்தக் காலத்தில் பெண்கள் ஆசிரியராக இருந்து மாணாக்கர் வைத்திருந்தார்கள் என்பதே நமக்கு இந்தச் சின்ன வாசகங்களாலும் உறுதியாகிறது.

ஏன் அப்படி? மலைக்கு வந்தவருக்குத் தீர்த்தங்கரரை அடையாளம் தெரியும். பாம்புக் குடை என்றால் பார்சுவநாதர். அதை யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் யார் புண்ணியத்துக்காக இந்த உருவம் வெட்டப்பட்டது என்பதைப் பாறை தானாகச் சொல்லாது. அதனால் படம் செய்ய முடியாத வேலையை எழுத்திடம் கொடுத்தார்கள். இதைப் பார்த்ததும் ஒன்று ஞாபகம் வர வேண்டும். நம் ஊர்க் கோயில் டியூப் லைட்டில், வெளிச்சம் வருகிற இடத்தை மறைத்துக்கொண்டு, “உபயம்: இன்னார், இன்ன ஸ்டோர்ஸ்” என்று எழுதியிருக்குமே, அதே வாசகம்தான் கழுகுமலையில் இருப்பது. கேலியாகச் சொல்லவில்லை. டியூப் லைட்டுக்குப் பின்னால் ஆயிரத்து இருநூறு வருட மரபு இருக்கிறது.

இன்னும் பின்னால் போனாலும் இதுதான். சீவலப்பேரிக்குப் பக்கத்தில் மறுகால்தலை. அங்கே ஒரு குகைத்தளத்துப் பாறையில் தமிழ்-பிராமியில் ஒற்றை வரி. 1906-இல் கண்டுபிடித்தது. நம் பக்கத்தில் கிடைத்த மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று. காசிபன் என்ற ஒருவர் இந்தக் கற்படுக்கையைக் கொடுத்தார் என்பதுதான் சேதி. உருவம் எதுவும் இல்லை, உபயம் மட்டும். ஆதிச்சநல்லூரில் இதற்கு நேர் எதிர். 2004 அகழாய்வில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் களிமண்ணை ஒட்டிச் செய்த பெண் உருவமும், பக்கத்தில் கொக்கும் மானும் முதலையும் இருந்தன. ஆற்றங்கரை வாழ்வு அப்படியே நிற்கிறது, ஆனால் அந்தப் பெண் யார், தெய்வமா மனுஷியா என்று சொல்ல ஒரு எழுத்து இல்லை. இரண்டும் தாமிரபரணிக் கரையோரம்தான். ஓரிடத்தில் பெயர் இருக்கிறது, முகம் இல்லை. இன்னோரிடத்தில் முகம் இருக்கிறது, பெயர் இல்லை.

சரி, கதையை யார் சொன்னது? வாய்தான் சொன்னது. படமா எழுத்தா என்று இரண்டு பேரை மட்டும் நிறுத்திப் பஞ்சாயத்து பேசினால் இந்த விஷயம் தீராது. மூன்றாவது ஆள் ஒருவர் எப்போதும் நடுவில் நின்றிருக்கிறார்: கதை சொல்கிற வாய். உருவம் கண்ணை நிறுத்தும், வாய் கதையைச் சொல்லும், எழுத்து கணக்கு வைத்துக்கொள்ளும். நம் பக்கத்தில் பெரும்பாலும் வேலைப் பிரிவினை இப்படித்தான் நடந்திருக்கிறது.

கிருஷ்ணாபுரத்தையே எடுத்துக்கொள்வோம். நாயக்கர் காலத்து வேலை. நாகாஸ்திரத்தோடு கர்ணன், அர்ச்சுனன், அன்னத்தின் மேல் ரதி, இளவரசியைத் தூக்கிக்கொண்டு போகிற குறவன், பாதி மனிதன் பாதி மிருகமான புருஷாமிருகத்தோடு மல்லுக்கு நிற்கிற பீமன். கோயிலில் கதை சொல்கிற ஆள் யாராவது இருந்தால், “அண்ணாச்சி, இந்தக் காலு நரம்பைப் பாருங்க, ரத்தம் ஓடுத மாதிரி இருக்கா இல்லியா?” என்று ஆரம்பிப்பார். நரம்பில் ஆரம்பித்துக் கதைக்குள் நம்மைத் தள்ளிவிடுவார். புருஷாமிருகத்தின் கதை நன்றாகத் தெரிந்தவர் என்றால், பீமனின் ஒரு கால் எல்லைக்கு உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் இருக்கும்போது அது பிடித்துக்கொண்டதையும், வழக்கு தருமனிடம் போனதையும், தம்பி என்று பார்க்காமல் பாதி உடம்பு அதற்குத்தான் என்று தருமன் தீர்ப்புச் சொன்னதையும் சொல்லி முடிக்க கால் மணி நேரம் ஆகும். அந்தக் கதையை எந்தப் பலகையில் எழுதுவது? கல்லில் இருப்பது ஒரு கணம்தான். முன்னும் பின்னும் வாயில் இருக்கிறது.

குறவன் தூண் இன்னும் சுவாரசியம். அவன் எந்த ராஜா மகளைத் தூக்கிக்கொண்டு போகிறான்? இராமாயணத்திலோ பாரதத்திலோ இது இல்லை. அதனால் சொல்கிறவர்களுக்குத் தகுந்தபடி கதை மாறும். ஒருவர் காதல் என்பார், ஒருவர் கடத்தல் என்பார். கூர்ந்து பார்த்தால் அந்தப் பெண்ணின் முகத்தில் பெரிய பயம் ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் அது என் எண்ணம்தான். ஒரு வரி எழுதி வைத்திருந்தால் இந்த வழக்கு என்றோ முடிந்திருக்கும். முடியாமல் இருப்பதால்தான் அந்தத் தூணுக்கு முன்னால் கூட்டம் நிற்கிறது.

வாய் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கழுகுமலையிலேயே பதில் உண்டு. சோழர்கள் பாண்டிய நாட்டைப் பிடித்த பிறகு, 11-ஆம் நூற்றாண்டு தொடங்கி, இங்கே வட்டெழுத்து மெல்ல வழக்கொழிந்து தமிழ் எழுத்து அந்த இடத்துக்கு வந்தது. சமணமும் தேய்ந்தது. மலையில் இருந்த வாசகங்களை ஊர்க்காரர்கள் யாராலும் படிக்க முடியாமல் போயிற்று. படிக்க முடியாத எழுத்து வெறும் கீறல். அந்த வெற்றிடத்தில் வாய் தன் வேலையைச் செய்தது. அதே மலையின் மறுபக்கத்தில் முடிக்காமல் விட்ட வெட்டுவான் கோயில் இருக்கிறது, ஒரே பாறையை மேலிருந்து கீழே குடைந்தது. அது ஏன் பாதியில் நின்றது? அப்பன் சிற்பிக்கும் மகன் சிற்பிக்கும் போட்டி வந்து, பொறாமையில் அப்பன் மகனைக் கொன்றுவிட்டான் என்று கதை சொல்வார்கள். சரித்திரத்தில் ஆதாரம் கிடையாது. ஆனால் கேட்டவர் மறப்பதில்லை. சமண உருவங்களுக்குப் பக்கத்திலேயே அய்யனார் வந்து உட்கார்ந்தார், அவருக்கு ஒரு கதை கிடைத்தது. உருவம் அப்படியே இருக்க, எழுத்து மங்க, வாய் புதுக் கதை கட்டும். எழுத்தை மறுபடி படிக்கத் தெரிந்தவர்கள் வந்த பிறகுதான் அந்தக் குரத்தியர் திரும்பக் கிடைத்தார்கள். அதனால் வாய் பெரிது என்று நான் கொடி பிடிக்க வரவில்லை.

குற்றாலம் சித்திர சபை தனி ரகம். நடராசருக்கு ஐந்து சபைகள் சொல்வார்கள்: சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு ரத்தினம், குற்றாலம் சித்திரம். மற்ற இடங்களில் நடராசர் திருமேனியாக இருக்கிறார். இங்கே சுவரில் தீட்டிய ஓவியம்தான் சாமி. ஓவியத்துக்கு அபிஷேகம் செய்ய முடியாது, தீபம் காட்டலாம். மார்கழித் திருவாதிரையில் தாண்டவ தீபாராதனை நடக்கும்போது சுவர்ச் சாயத்தின் மேல் வெளிச்சம் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. படம் என்றால் எதையோ காட்டுகிற அடையாளம் என்று நாம் படித்து வைத்திருக்கிற பாடம் அந்த இடத்தில் எடுபடாது. அங்கே போய் அடியில் “நடராசர் ஓவியம்” என்று பலகை வைத்தால், சாமியைப் படமாக்கிவிடுவோம்.

திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள்ளே இருக்கிற ஓவியங்களில் தெய்வக் கதைகளோடு கப்பல் வருகிறது, கப்பலில் குதிரைகள் வருகின்றன, அராபிய வணிகர்கள் வருகிறார்கள், ஒரு பெரும் போர் நடக்கிறது. அந்தப் போர் 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரப் படைக்கும் இன்றைய தென்கேரளப் பக்கத்து வேணாட்டுக்கும் தாமிரபரணிக் கரையில் நடந்ததுதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கோயிலுக்குள் போர்க்கதை சொல்ல அன்று வாய்கள் இருந்திருக்கும். அவை ஓய்ந்த பிறகு ஆராய்ச்சி செய்துதான் சொல்ல வேண்டியதாயிற்று. நம் சீமைக்கு வெளியே இருக்கிற பழைய கோயில் ஓவியங்கள் சிலவற்றில், உதாரணத்துக்குத் திருவாரூர் முசுகுந்தன் கதையில், காட்சிக்குக் காட்சி தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். ஆக, விளக்கம் எழுதுகிற வழக்கமே தமிழ்நாட்டில் இல்லை என்றும் யாரும் சாதிக்க முடியாது.

உருவமே வேண்டாம் என்று விட்ட இடங்களும் இதே சீமையில் நிறைய. சுடலைமாடன் கோயில்களில் பழைய வழக்கம் பீடம்தான். சுண்ணாம்பு பூசிய செங்கல் பீடம். கண் கிடையாது, மீசை கிடையாது. பெரிய சிலை வைப்பது பிறகு பரவியது. அந்த முகமில்லாத பீடத்துக்கு முகம் கொடுத்தது வில்லுப்பாட்டு. கொடை நாளில் வில்லடித்துக் கதை பாடப் பாட, மாடன் பிறந்து, சுடுகாட்டுக்குப் போய், மாகாளிப் பெரும்புலையன் கோட்டைக்குள் புகுந்து, கேட்கிறவர் கண்ணுக்கு முன்னால் நிற்பான். சாமியை அழைக்கிற வரத்துப் பாட வேண்டிய இடம் வந்ததும் சாமியாடிக்கு அருள் வந்துவிடும். ஏட்டில் எழுதிய கதைதான் அது, ஆனால் ஏட்டைப் பிரித்து மௌனமாகப் படித்தால் யாருக்கும் அருள் வராது.

அய்யாவழி நிழல் தாங்கல்களில் கருவறையில் கண்ணாடி வைத்திருப்பார்கள். கும்பிடப் போனவர் முகமே அதில் தெரியும். வேறு படம் இல்லை. மறுபக்கம் அகிலத்திரட்டு ஏட்டை ராகம் போட்டு வாசிக்கிற திருஏடு வாசிப்பு நாள்கணக்கில் நடக்கும். காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்களில் உருவத்துக்கு இடமில்லை; எழுத்தே அலங்காரமாகிவிடும். எட்டயபுரத்தில் அடங்கியிருக்கிற உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடியபோது, நபிகளின் உருவத்தை யாரும் தீட்டக் கூடாது என்ற நிலையில், சொல்லால் எல்லாவற்றையும் காட்ட வேண்டியிருந்தது. அரபு நாட்டு வருணனையில் மழை பெய்து ஆறு பெருக்கெடுத்து நெல் விளைகிறது. புலவர் கண்ணில் இருந்த படம் தாமிரபரணிப் பாசனம், அதனால் பாலைவனத்தில் வயல் வந்துவிட்டது. இதைக் குறை என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. பாளையங்கோட்டைப் பக்கத்துப் புராட்டஸ்டன்ட் வீடுகளில் சுவரில் வசனம் தொங்கும், கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் மாதா சொரூபம் சப்பரத்தில் வரும். ஒரே வேதம், ஆனால் ஒரு வீட்டில் எழுத்து, இன்னொரு வீட்டில் உருவம்.

பத்தமடைப் பாயைச் சொல்லாமல் விட முடியாது. கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையும் தேதியையும் சாயக் கோரையால் நெய்து கொடுப்பார்கள். அங்கே எழுத்தும் பூவேலையும் ஒரே தறியில் வருகிறது. மறுபடி பாருங்கள், எழுத்து சொல்வது யாருடையது என்பதைத்தான்.

அடுத்து அச்சு. இதில் கோவில்பட்டிக்குப் பெரிய பங்கு. சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர், 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் என்று சீடர்கள். பல படங்களில் குருவும் சீடரும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நாடகப் படுதாவில் பழகிய கை என்பது அந்தச் சாமிப் படங்களில் நன்றாகத் தெரியும். மேடை போலப் படிக்கட்டு, பின்னால் மலையும் குளமும், நடுவில் சாமி நேராக நம்மைப் பார்த்து நிற்கும். பக்கத்தில் சிவகாசி இருந்தது, அச்சடித்து நாடு முழுக்க அனுப்பியது. தமிழ் தெரியாத வீட்டுப் பூஜை அறையிலும் அந்த முருகன் போய் நின்றான், ஏனென்றால் படத்தில் எழுத்து இல்லை. வேலும் மயிலும் போதும்.

எழுத்து எங்கே வந்தது? கீழே. சிவகாசி காலண்டர்க்காரர்கள் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்துக்கான ஆல்பம் வெளியிடுவார்கள். கடைக்காரர் படத்தைத் தேர்ந்தெடுப்பார். படத்துக்குக் கீழே விட்டிருக்கிற இடத்தில் கடை பெயர், ஊர், போன் நம்பர். அதற்கும் கீழே தினத்தாள், அதில் ராகுகாலம், எமகண்டம், சூலம், திதி. கழுகுமலைப் பாறையும் இந்த அட்டையும் ஒரே அமைப்பில் இருப்பதைப் பார்க்கிறீர்கள் அல்லவா? மேலே தெய்வம், அடியில் செய்வித்தவர். ஒரே வித்தியாசம், வருடம் முடிந்ததும் வீட்டுக்காரர்கள் கத்தரிக்கோல் எடுத்துக் கடை பெயரை வெட்டிவிட்டுப் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொள்வார்கள். பாறையில் அது முடியவில்லை.

பிளெக்ஸ் போர்டு வந்ததும் செய்வித்தவர் கீழேயிருந்து மேலே ஏறினார். காதுகுத்து விழா பேனரில் குழந்தை ஒரு மூலையில் இருக்கும். தாய்மாமன், சித்தப்பா, நண்பர் குழு என்று முப்பது முகம் கட்டம் கட்டி நிற்கும், ஒவ்வொன்றுக்கும் அடியில் பெயர். எனக்கு இது பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் இதைப் பண்பாட்டுச் சீரழிவு என்று திட்டுகிறவர்கள் கழுகுமலையை மறந்து பேசுகிறார்கள்.

படம் எழுத்தை விழுங்குகிறது என்று இப்போது எல்லாரும் புலம்புகிறார்களே, கையில் இருக்கிற போனைப் பாருங்கள். வடிவேலு முகம் ஒன்று, அதன் மேல் ஒரு வரி. அந்த வரியை நீங்கள் படிப்பதில்லை. வடிவேலு குரலில் கேட்கிறீர்கள். படம், எழுத்து, வாய் மூன்றும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் இருக்கின்றன. அந்தச் சினிமா தெரியாதவருக்கு அதில் சிரிப்பே வராது, கதை தெரியாதவருக்குத் தூண் புரியாத மாதிரி.

இனி பலகை விஷயம். வைக்கலாம் என்பதே என் பதில், ஆனால் எங்கே, என்ன என்பதில் கவனம் வேண்டும். ஓவியச் சுவரில் ஆணியோ பசையோ படவே கூடாது. பலகையை வாசலில் தனியாக நிறுத்தலாம். கிருஷ்ணாபுரத்தில் எந்தத் தூண் யார், எந்தக் காலத்து வேலை என்று மண்டபத்தின் முகப்பில் ஒரு படம் வரைந்து எண் போட்டால் போதும். குறவன் தூணுக்கு ஒரு கதையை மட்டும் எழுதி முத்திரை குத்தாமல், வழக்கில் இருக்கிற எல்லாக் கதைகளையும் போட வேண்டும். கழுகுமலையில்தான் உண்மையில் அவசரத் தேவை: பாறையில் ஏற்கெனவே இருக்கிற வாசகங்களை இன்றைய எழுத்தில் படித்துக் காட்ட வேண்டும். குரத்தியர் பெயர் அங்கேயே இருக்கிறது, ஏறிப் போகிறவர் படிக்க முடியாமல் திரும்பி வருகிறார். பலகை வைக்கிற செலவை யாராவது உபயமாக ஏற்றுக்கொண்டால், அவர் பெயரைப் பலகையின் அடியில் தாராளமாகப் போடலாம். எழுத்து அளவு மட்டும் சின்னதாக இருக்கட்டும்.